அரைச் சாண் நகர்ந்த செங்கல் வரிசை

அன்பு மகள் வாலுவுக்கு,

நானும் அப்பாவும் மாமாவும் சௌக்கியம், வீடு மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே இருமல் சளி ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. இந்த வியாழக்கிழமை காலை வரை உறுதியான தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுப் பின் தோட்டத்தின் வழியாக, மண்ணுக்கு அடியில் ஒரு பிளவுக் கோடு போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கத்து நிலமும் அந்தப் பக்கத்து நிலமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, எதிரெதிராக, வருடத்துக்கு அரை சென்டிமீட்டர் அளவில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. இதைச் சொன்னவர் நிலவியல் ஆய்வு நிலையத்திலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர். தண்ணீர்த் தொட்டி மேட்டிலும் ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலும் அவர்கள் வைத்திருக்கிற செயற்கைக்கோள் கருவிகளின் ஐந்து வருட அளவையும், நம் தோட்டத்தில் கோட்டுக்குக் குறுக்கே எட்டு மாதமாகக் கட்டி வைத்திருக்கும் கம்பியின் அளவையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உறுதியாகாதது ஒன்றுதான், அந்தக் கோடு தோட்டத்தைத் தாண்டித் தெருப் பக்கம் வரும்போது எங்கே வருகிறது என்பது. வீட்டுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவிலுள்ள நடைபாதை வழியாக வந்தால் நாங்கள் இங்கேயே இருக்கலாம். சமையலறைக்கு அடியில் வந்தால் நகராட்சி விதிப்படி வீட்டைக் காலி செய்துவிட வேண்டும், பிறகு இடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எட்டடி.

உறுதியாகட்டும் என்று இத்தனை மாதம் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன், போன வாரம் போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ உடனே பெட்டியைக் கட்டுங்க, இங்க வந்துடுங்க என்று ஆரம்பித்துவிட்டாய், அப்பா போனை வாங்கி சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டார், அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. பத்திரிகையில் இந்தச் செய்தியை நான் எழுதக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார், சொந்த வீட்டுக்குக் கீழே நடக்கும் செய்தியைச் சொந்தக்காரியே எழுதினால் நன்றாக இருக்காது என்றார், அவர் சொன்னது சரிதான், என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நகராட்சிக் கூட்டம், குடிநீர், சாலை என்று இத்தனை வருடம் ஊரார் வீட்டுச் சங்கதியை எழுதிவிட்டு, நம் வீட்டுச் சங்கதி வரும்போது பக்கத்து மேசைப் பையன் எழுதுகிறான், என்னிடம் வந்து நீங்க எப்படி உணர்றீங்க மேடம் என்று கேட்கிறான். முதலில் எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று கேளு தம்பி, உணர்ச்சியைக் கடைசிப் பத்தியில் வச்சுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆக, சேர்த்து வைத்த விவரம் முழுக்க உனக்குத்தான் வருகிறது, பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். நம் சமையலறைப் பின்கதவு வருடத்துக்கு ஒரு தடவை நிலையில் சிக்கும், அப்பா இழைப்புளி எடுத்து ஓரத்தைச் சீவிவிடுவார், மழையில் மரம் ஊறுகிறது என்று சொல்வார். மழை பெய்யாத வருடத்திலும் சிக்கியது, அப்போது வெயிலில் மரம் முறுக்குகிறது என்றார். பின்பக்க மதில் கதையும் உனக்குத் தெரியும். உன் மாமா கட்டியது, இம்மி பிசகாது அக்கா என்று சத்தியம் செய்து கட்டியது, அந்த ஒரு வார்த்தைக்காகவே ஊரெல்லாம் அவனுக்கு இம்மி என்று பெயர் வந்தது. அந்த மதில் நாலைந்து வருடத்தில் நடுவில் கோணியது. இடித்து மறுபடி கட்டினான், மறுபடி கோணியது. மூன்றாவது தடவை நூல் கட்டி, அப்பாவை ஒரு முனையில் பிடிக்கச் சொல்லி, இப்ப நீங்களே சாட்சி அத்தான் என்று சொல்லிக் கட்டினான், அதுவும் கோணியது. அப்பா சும்மா இருப்பாரா. வீட்டுக்கு யார் வந்தாலும் டீயைக் கையில் கொடுத்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், வாங்க, எங்க மச்சான் கட்டின பாம்பைப் பாருங்க என்று காட்டுவார். மாமாவும் விடமாட்டான், அத்தான் பஸ் ஓட்டின அழகுக்கு ரோடே கோணியிருக்கு, சுவரு எம்மாத்திரம் என்பான். இதை நாம் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டோம், ஆனால் அவன் சிரித்தது உதட்டளவில்தான் என்பது எனக்குத் தெரியும், என்னோடு பிறந்தவன் இல்லையா. எங்கே புது வேலைக்குப் போனாலும் அக்கா வீட்டு மதில் மாதிரி கட்டிடாதப்பா என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்.

ஆய்வாளர் முதலில் வந்தது நம் வீட்டுக்கு இல்லை, தெருவுக்கு. குடிநீர்க் குழாய் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைகிறது, எத்தனை தடவை மாற்றினாலும் அதே பத்தடிக்குள் உடைகிறது என்று குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர் புகார் எழுதியிருக்கிறார், அது நிலவியல் நிலையம் வரை போயிருக்கிறது. உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, முதுகில் பை, தலையில் துணித் தொப்பி, தரையைப் பார்த்தபடி தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அப்பா கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், என்னம்மா தேடுறீங்க, கம்மலா, நானும் வந்து பாக்குறேன் என்று எழுந்து போனார். இல்லைங்க ஐயா, கோடு தேடுறேன் என்றார் அந்தப் பெண். என்ன கோடு என்று அப்பா கேட்க, நேரா இருக்க வேண்டியது எது எது கோணலா இருக்குன்னு பாத்துட்டு வர்றேன் என்றாராம். அவ்வளவுதான், அப்பாவுக்கு முகமெல்லாம் பல். நீங்க சரியான வீட்டு வாசல்லதான் நிக்கிறீங்க, உள்ள வாங்க, எங்க மச்சான் கட்டின சுவர் ஒண்ணு இருக்கு என்று நேரே தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்படித்தான் இந்த விஷயம் நம் வீட்டுக்குள் நுழைந்தது, மச்சானைக் கேலி செய்ய ஆள் கிடைத்த சந்தோஷத்தில்.

அந்தப் பெண் மதிலை அரை மணி நேரம் பார்த்தார், சுவரின் மேல் கண்ணை வைத்துப் பார்த்தார், அப்புறம் சமையலறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். இது எப்ப கட்டினது, எத்தனை தடவை கட்டினது, கதவை எவ்வளவு சீவினீங்க என்று வரிசையாகக் கேட்டார், கேள்வி கேட்கிற முறை எனக்குப் பிடித்திருந்தது. கேட்டுவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மதில் ஒவ்வொரு தடவையும் அடியோடு இடித்துப் புதிதாகக் கட்டியது, ஆகவே மொத்தம் எவ்வளவு நகர்ந்தது என்பது அதில் இல்லை. கதவைச் சீவிய மரத்தூளை அப்பா அன்றன்றே பெருக்கிக் கொட்டிவிட்டார். தெரு ஓரத்துக் கல்லை நகராட்சி போன வருடம்தான் பெயர்த்துப் புதுசாகப் போட்டது, அதை நானே செய்தியாகவும் எழுதினேன், தெரு அழகாகிவிட்டது என்று. சாதாரணமா வீட்டுக்காரங்க இவ்வளவு அக்கறையா இருக்க மாட்டாங்க, நீங்க எல்லாரும் திருத்தித் திருத்தியே பூமி எழுதினதை அழிச்சுட்டீங்க என்றார். திட்டுகிற தொனி இல்லை, வருத்தம்தான். உருப்படியாக ஒரு பொருளைக்கூட அது இருந்தபடி விட்டுவைக்காத குடும்பம் நம்முடையது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம் அவர் திரும்பிப் போகும்போது, குழாயடிப் பக்கம் நின்று, இது யார் போட்டது என்று கேட்டார். நீ போட்டது. பூச்செடிப் பாத்திக்கு ஓரமாக, மதிலுக்கு இணையாக, ஒன்பது வயதில் நீ மாமாவிடம் நூலும் செங்கலும் வாங்கி, நீயே கட்டிய அந்தச் சின்ன வரிசை. மாமா உதவிக்கு வந்தால் கையைத் தட்டிவிட்டு, முனையில் ஈர சிமெண்டில் குச்சியால் வருடத்தையும் கீறி வைத்தாய், நினைவிருக்கிறதா. மாமாவுக்கு அதைப் பார்த்தாலே ஆகாது, என் தொழிலுக்கே இழுக்கு அக்கா, எடுத்துட்டு நல்லா கட்டித் தர்றேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், அதைத் தொட்டால் அவள் அங்கிருந்து போனிலேயே அழுவாள் என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். செங்கல் வரிசை ஒரு முனையிலிருந்து நேராக வருகிறது, பாதியில் ஓரிடத்தில் மட்டும் வளைகிறது, மறுபடி நேராகப் போய்விடுகிறது. அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து நூல் பிடித்து அளந்தார். பதினோரு சென்டிமீட்டர், நம் கணக்கில் அரைச் சாண். நீ கீறிய வருடத்திலிருந்து இன்றைக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது, வகுத்துப் பார், மேட்டிலும் மாடியிலும் இருக்கிற கருவிகள் சொன்ன அதே அரை சென்டிமீட்டர்.

அடுத்த தடவை ஆய்வாளர் வந்தபோது மாமாவையும் வரச் சொல்லியிருந்தேன். நான்கு பேரும் சமையலறையில் உட்கார்ந்தோம், எனக்கு அடிப்படையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன், நிலம் ஏன் நகர வேண்டும், யார் தள்ளுகிறார்கள். மாமா முந்திக்கொண்டு, கீழ நெருப்புக் குழம்பு கொதிக்குது, அதுமேல நாம படகு மாதிரி மிதக்குறோம், அதானேம்மா என்றான். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்கண்ணே, ஆனா கீழ இருக்கிறதும் கல்லுதான், கெட்டிக் கல்லு என்றார் அவர். பூமியின் மேல் ஓடு ஒரே துண்டாக இல்லை, பெரிதும் சிறிதுமாகப் பல தட்டுகளாக உடைந்திருக்கிறது, ஒவ்வொன்றும் சராசரியாக நூறு கிலோமீட்டர் கனம், கண்டங்கள் இந்தத் தட்டுகளின் மேல் பதிந்து அவற்றோடு சேர்ந்துதான் போகின்றன, தனியாக நீந்துவதில்லை. தட்டுக்குக் கீழே இருக்கிற கல் ரொம்பச் சூடாக இருக்கிறது, கெட்டியாக இருந்தாலும் கோடிக்கணக்கான வருடங்களில் மெல்ல இழைந்து நகரும். கெட்டியா இருக்கிற கல்லு எப்படிம்மா இழையும் என்று மாமா விடவில்லை. நீங்க தார் பீப்பாய் பாத்திருப்பீங்களே, குளிர் நாள்ல சுத்தியலால அடிச்சா என்ன ஆகும் என்று அவர் கேட்டார். கண்ணாடி மாதிரி தெறிக்கும் என்றான். அதையே சாய்ச்சு வச்சு மாசக்கணக்கா விட்டா? வழிஞ்சு தரையெல்லாம் பரவிடும், எங்க கிடங்குல ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு என்றான், சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தான்.

அடுத்து என் கேள்வி, சரி, இழையும், ஆனால் எது இழுக்கிறது. அவர் பாத்திரம் துடைக்கிற துண்டு ஒன்றைக் கேட்டார், நான் கொடுத்தேன், அதன் ஒரு பாதியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, காய்ந்த பாதியை மேசை மேல் விரித்து, நனைந்த பாதியை விளிம்பில் தொங்கவிட்டார். துண்டு தானாக நகர ஆரம்பித்தது, முதலில் மெதுவாக, அப்புறம் சரசரவென்று, மேலே இருந்த அப்பாவின் கண்ணாடிக் கூட்டையும் இழுத்துக்கொண்டு கீழே போய் விழுந்தது. இதுதான் பெரிய காரணம் என்றார். கடலுக்கு நடுவே, தண்ணீருக்கு அடியில், நீளமான மலைத் தொடர்கள் இருக்கின்றனவாம், அங்கே தட்டுகள் விலகுகின்றன, கீழேயிருந்து சூடான கல் மேலே வந்து, கொஞ்சம் உருகி, புதுத் தரையாக உறைகிறது. அந்தத் தரை வருடங்கள் போகப் போகக் குளிர்ந்து, கனத்து, வேறொரு ஓரத்தில் பூமிக்குள்ளேயே சரிந்து அமிழ்கிறது, அமிழ்கிற அந்தக் கனமான பகுதி மீதித் தட்டை இழுக்கிறது, நனைந்த துண்டு காய்ந்த பாதியை இழுத்தது போல. நடுக்கடல் மலை உயரத்திலிருந்து சரிகிற தள்ளுதலும் உண்டு, அது சிறிய பங்கு. இதற்கெல்லாம் அடுப்பு எது என்று கேட்டேன். பூமி உருவானபோது மிச்சப்பட்ட சூடு, அதோடு பாறைக்குள் இருக்கிற யுரேனியம் மாதிரியான தாதுக்கள் மெல்லச் சிதைந்து விடுகிற சூடு, இரண்டும்தான். கீழே இழைகிற கல் தட்டை இழுத்துக்கொண்டு போகிறதா, இல்லை தட்டுதான் அதை இழுக்கிறதா என்று கேட்டேன், அதுல எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை இருக்கு மேடம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் கிடைத்தால் எனக்கு அவரை விட மனசு வராது, இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன்.

வேகம் எவ்வளவு என்று அப்பா கேட்டார், அவருக்கு எதையும் அந்தக் கணக்கில்தான் கேட்கத் தெரியும். நம்ம விரல் நகம் வளர்ற வேகம்னு வச்சுக்கோங்க, சில தட்டு அதைவிட மெதுவா, சில தட்டு அதைவிட வேகமா போகும் என்றார். அப்பா தன் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் கியர்கூட இல்ல, ஹேண்ட் பிரேக் சரியா பிடிக்காத வண்டி மாதிரி ஊருது என்றார். நகம் வருடத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வளரும், நம் வீட்டில் அரை சென்டிமீட்டர்தானே என்று நான் இடைமறித்தேன். இரண்டு தட்டுகள் மோதாமல், விலகாமல், பக்கவாட்டில் உரசிப் போகிற ஓரத்தில் நம் ஊர் இருக்கிறதாம், அந்த ஓரம் ஒற்றைக் கோடு இல்லை, பல கோடுகள் இணையாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன, நம் தோட்டத்துக்கு வந்தது அதில் ஒரு சின்னப் பங்கு. நூறு வருடத்துக்கு முன்பே ஒரு வானிலை ஆராய்ச்சியாளர் கண்டங்கள் நகர்ந்திருக்கின்றன என்று சொன்னாராம், கடலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரே பழைய உயிரினங்களின் எலும்பு, ஒரே பாறை வரிசை என்று ஆதாரமெல்லாம் காட்டியும் அவரைக் கேலி செய்தார்களாம், ஏனென்றால் எது நகர்த்துகிறது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கடல் தரையை அளந்து பார்த்த பிறகுதான், அவர் இறந்து பல வருடம் கழித்து, ஒப்புக்கொண்டார்கள். அவரிடம் என்ன நடந்தது என்பது இருந்தது, ஏன் நடந்தது என்பது இல்லை. எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட செய்தியை உள் பக்கத்தில் போட்டுவிடுவோம், அதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டு முடித்த பிறகு மாமா மெதுவாக, அப்போ என் சுவர் நேராத்தான் இருந்துச்சாம்மா என்று கேட்டான். மூணு தடவையும் நேராத்தான்ணே கட்டியிருக்கீங்க, நீங்க கட்டி முடிச்ச அப்புறம் ஊர் நகர்ந்திருக்கு என்றார் ஆய்வாளர். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். அப்பா கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கடைசியில், சரி மச்சான், சுவரு விஷயத்துல பூமி மேலதான் தப்பு, ஆனா குளியலறைக் குழாய் ஒழுகுதே, அதுக்கும் பூமிதான் காரணமா என்றார். இதைவிடப் பெரிய மன்னிப்பு உன் அப்பாவிடமிருந்து யாருக்கும் கிடைத்ததில்லை, மாமாவும் அதைப் புரிந்துகொண்டான், மறுநாள் காலையிலேயே குழாய்ச் சாவியோடு வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போனான். வெளியே கிளம்பும்போது உன் செங்கல் வரிசைக்கு முன்னால் நின்று, ஒன்பது வயசுல என்னமா கட்டியிருக்கா அக்கா என்றான். இழுக்கு என்று சொன்னவன் அவன்தான்.

கேட்க வேண்டிய கேள்வியை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். இப்படி மெல்ல நழுவிக்கொண்டே இருப்பது நல்லதுதானே, பெரிய நடுக்கம் வராதல்லவா என்றேன். துருப்பிடித்த ஜன்னலைத் தள்ளினால் அசையாமல் இருந்து சட்டென்று திறந்துகொள்ளும், கோட்டின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றால் நில நடுக்கம் அப்படித்தான் வருகிறது, நழுவுகிற இடத்தில் அந்த இறுக்கம் கொஞ்சம் குறையும் என்றார். ஆனால், மேல நழுவுறது மட்டும்தான் நமக்குத் தெரியுது மேடம், அஞ்சாறு கிலோமீட்டர் கீழ பிடிச்சிட்டிருக்கா இல்லையான்னு தெரியாது, அதனால வராதுன்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார். நானும் அதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. அதனால் நீயும் உன் வீட்டில் உயரமான அலமாரிகளைச் சுவரோடு திருகு போட்டு முடுக்கி வை, கட்டிலுக்குத் தலைமாட்டில் கனமான படம் எதுவும் மாட்டாதே, செருப்பும் டார்ச்சும் கட்டிலுக்குக் கீழே இருக்கட்டும். எந்த ஊரில் இருந்தாலும் இது கெடுதல் இல்லை.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கோடு போட இரண்டு புள்ளி வேண்டும். பின்பக்கம் உன் செங்கல் வரிசை ஒரு புள்ளி, அதில் சந்தேகம் இல்லை. முன்பக்கம் தெருவோரக் கல் இரண்டாவது புள்ளியாக இருந்திருக்கும், அதைத்தான் மாற்றிவிட்டார்களே. சமையலறைக் கதவு சிக்குவதைப் பார்த்தால் கோடு அந்த மூலைக்கு அடியில் போகிறது என்று தோன்றும், ஆனால் கதவு நூறு காரணத்துக்குச் சிக்கும், அதை ஆதாரமாக எடுக்க முடியாது என்கிறார். ஆகவே கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டிப் பார்க்கப் போகிறார்கள். பள்ளத்துப் பக்கச் சுவரில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகத் தெரியும், எந்த இடத்தில் இந்தப் பக்கத்து அடுக்கும் அந்தப் பக்கத்து அடுக்கும் பொருந்தாமல் போகிறதோ அங்கேதான் கோடு. வெட்டுகிற வேலையை மாமா கேட்டு வாங்கியிருக்கிறான். இடிக்கச் சொல்லப் போற பள்ளத்தை நீயே வெட்டுவியா மச்சான் என்று அப்பா கேட்டதற்கு, வேற எவனாவது வெட்டி ஓரத்தைச் சரிச்சு விட்டுட்டான்னா அடுக்கு தெரியாது அத்தான், இதையாவது நேரா வெட்ட விடுங்க என்றான்.

அப்பா என்ன நினைக்கிறார் என்று கேட்பாய். வெளியில் கேட்டால், முப்பது வருஷம் இந்த வீடு நகர்ந்துட்டேதான் இருந்திருக்கு, நாமளும் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டுத்தான் இருந்தோம், எங்கயும் வரமாட்டேன் என்பார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தால் எங்கள் கட்டிலைச் சமையலறை ஒட்டிய அறையிலிருந்து இழுத்து முன்னறையில் போட்டிருக்கிறார், கேட்டால் இங்கே காற்று நன்றாக வருகிறதாம். இருக்கிற ஜன்னல் ஒன்று, அதுவும் அலமாரிக்குப் பின்னால். நான் என்ன நினைக்கிறேன் என்றால், தகவல் வருவதற்கு முன் முடிவு எடுத்து எனக்குப் பழக்கமில்லை. கோடு நடைபாதையில் என்றால் அஸ்திவாரத்தைப் பலப்படுத்திக்கொண்டு இருந்துவிடுவோம். வீட்டுக்கு அடியில் என்றால் கிளம்பிவிடுவோம், அதில் அப்பாவின் பிடிவாதம் செல்லாது, இதை அவரிடமும் சொல்லிவிட்டேன், அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார், அதற்கு சரி என்று அர்த்தம். எங்கே போவது என்பதை அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம், நீ அதற்குள் அங்கே அறையைக் காலி செய்து சுவருக்கு வண்ணம் எல்லாம் அடிக்காதே. ஒன்று மட்டும் எழுத்தில் கிடைத்துவிட்டது. வீடு இருந்தாலும் போனாலும் உன் செங்கல் வரிசையை யாரும் தொடக் கூடாது, இந்தக் கோட்டின் போக்குக்கு ஊரில் மிஞ்சியிருக்கிற பழைய அளவுகோல் அதுதான், சுற்றிலும் கம்பி வேலி போட்டு வருடா வருடம் வந்து அளப்போம் என்று நிலையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வீட்டை இடிக்கிற நாள் வந்தால் இந்த மனையில் மிச்சம் நிற்கப் போவது நீ கட்டியது ஒன்றுதான்.

அதில் ஒரு சிக்கல் உண்டு, அதற்கு நீதான் வேண்டும். அந்த வரிசை முதலில் நேராகத்தான் இருந்ததா என்று ஆய்வாளர் கேட்டார். நேராத்தான் இருந்தது என்று நானும் சொன்னேன், மாமாவும் சொன்னான், ஆனால் இருபத்திரண்டு வருடத்து ஞாபகத்தை நான் யாரிடமிருந்தும் ஆதாரமாக வாங்கியதில்லை, என்னிடமிருந்தும் வாங்க மாட்டேன். கட்டி முடித்த அன்று முழங்கால் வரை சிமெண்டோடு அந்த வரிசைக்குப் பின்னால் நீ நின்றிருக்கிற போட்டோ ஒன்று உண்டு, அப்பா எடுத்தது, உன் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும், செங்கல் முழுசாக விழுந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு நீ எடுத்துக்கொண்டு போன பச்சை அட்டை ஆல்பத்தில் இருக்க வேண்டும். அதைத் தேடி, பெரிதாகப் படம் எடுத்து அனுப்பு. இதை மறந்துவிடாதே, மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

நிலவரம் இவ்வளவுதான். திங்கட்கிழமை காலை பள்ளம் வெட்ட ஆரம்பிக்கிறார்கள், புதன்கிழமை சாயங்காலத்துக்குள் கோடு எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்கிறார் ஆய்வாளர், கையெழுத்துப் போட்ட அறிக்கை அடுத்த மாதக் கடைசியில். இன்னொரு பதிலும் புதன்கிழமைக்கு நிலுவையில் இருக்கிறது. அன்று அவர் கிளம்பும்போது அப்பா கேட் வரை கூடப் போனார், நான் பின்னால் நின்று கேட்டேன். எங்க பொண்ணு கடலுக்கு அந்தப் பக்கம் வேற தட்டுல இருக்காம்மா, அவளும் நாங்களும் கிட்ட வர்றோமா, விலகிப் போறோமா என்று கேட்டார். ரெண்டு ஊரும் எந்தப் பக்கம் எவ்வளவு போகுதுன்னு கணக்கு இருக்குங்க ஐயா, பாத்துட்டு வந்து சொல்றேன் என்றார் அந்தப் பெண். அப்பா கேட்டைத் திறந்து விட்டார். கிட்ட வர்றோம்னா எனக்குச் சொல்லுங்க, விலகுறோம்னா வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லுங்க, அவங்க நிருபர், தாங்கிப்பாங்க என்றார். எது வந்தாலும் புதன்கிழமை உனக்கு எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது ஆரோக்கியமாக, நிற்கிற நிலம் அசையாமல் இருக்க எங்கள் ஆசி. ஆல்பம், பச்சை அட்டை.

அன்புடன்,
உன் அம்மா